கண்மாயில் என் காலைப் பிடித்த கை: செட்டிநாட்டு டிரையத்லான் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மலைக்கோட்டை ஓட்டம்:

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிறதுதான் டிரையத்லான். ஜனவரியில் காரைக்குடிப் பக்கம் நடந்த ஒலிம்பிக் தூரப் போட்டிக்குத் திருச்சியிலிருந்து நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். சனிக்கிழமை மதியம் காரின் மேல் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கிளம்பி, வழியில் திருமயம் கோட்டையில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி, இரவு கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் தங்கினோம். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது தண்ணீரில் நடந்ததை.

1,500 மீட்டர் நீச்சல், ஊருணியில் இரண்டு சுற்று. மழை நன்றாகப் பெய்திருந்ததால் கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. செம்மண் கலங்கல். நீட்டிய கையின் விரல் தெரியாது. நம் ஊர்த் தண்ணீரின் சூட்டுக்கு வெட்சூட் என்கிற, மிதக்க உதவும் ரப்பர் உடை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும், தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் மிதவையில் திரும்பும்போதே நெருக்கடி. யாரோ முதுகில் ஏறினார்கள், யாருடைய முழங்கையோ கண்ணாடியில் பட்டது. நடப்பதுதான். இரண்டாவது மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கை என் இடது கணுக்காலைப் பிடித்தது.

தெரியாமல் படுகிற கை உடனே விலகிவிடும். இது ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்தது. பெருவிரல் கணுக்கால் எலும்புக்கு மேலே அழுத்திய இடம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. உதைத்தேன், விடவில்லை. உடம்பைத் திருப்பி மற்ற காலால் பலமாக உதைத்தேன். குதிகால் எதிலோ மெத்தென்று பட்டது. பிடி விட்டது. ஒரு கணம் தண்ணீருக்கு மேலே வந்த அந்த மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க நிற்கவும் இல்லை, நீந்திப் போய்விட்டேன்.

கரையேறியதும் முதலில் பார்த்த தன்னார்வலரிடம் சொன்னேன். பிறகு கேட்டபோது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றார்கள். சரி. ஆனால் அவர் மூழ்கப் போய்ப் பிடித்தாரா, முந்துவதற்காக இழுத்தாரா? 40 கிலோமீட்டர் சைக்கிளிலும் 10 கிலோமீட்டர் ஓட்டத்திலும் இதே நினைப்புதான். மூன்று மாதம் ஆகிவிட்டது. என் வாழ்க்கையிலேயே வேகமாக முடித்த போட்டி அது. அந்தப் பதக்கத்தை எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:

முதலில் ஒன்று. அது ஊருணி இல்லை, கண்மாய். ஊருணி ஊர் குடிக்கிற தண்ணீர். எங்கள் ஊரில் படியில் இறங்கிக் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள், கால் நனைத்தாலே சத்தம் போடுவார்கள். கண்மாய்தான் வயலுக்கு. மடை இருக்கும், கலுங்கு இருக்கும், மாடு குளிப்பாட்டுவதும் பிள்ளைகள் குதிப்பதும் அங்கே. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கு யாராவது பயிற்சி என்று ஊருணியில் இறங்கினால் பெரிய வம்பாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், தலைப்பையாவது மாற்றுங்கள்.

நானும் அதே போட்டியில் இருந்தேன். எனக்கு நடந்தது சைக்கிளில். குன்றக்குடி மலை கண்ணில் பட்ட கொஞ்ச நேரத்தில் பின் சக்கரம் இறங்கிவிட்டது. சீமைக்கருவேல முள். எங்கள் பக்கத்துச் சாலை ஓரம் பூராவும் அதுதான். டியூபை மாற்றிக் காற்றடித்தேன், நூறு மீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கியது. முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கிறது. விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன், அகப்படவில்லை. அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். இடுப்புக் கயிற்றிலிருந்து முள்வாங்கியை உருவி, "குடு சாமி, நான் எடுத்துத் தாரேன்" என்று டயரில் கை வைக்கப் போனார்.

எனக்கு மண்டைக்குள் ஓடியது விதி ஒன்றுதான். வெளி ஆள் உதவி செய்தால் தகுதி நீக்கம் வரைக்கும் போகும். அவசரத்தில் "தொடாதீங்க" என்று கத்திவிட்டேன்.

பாட்டி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இரண்டு எட்டுப் பின்னால் போய், "தொடல சாமி, தொடல" என்றார். இரண்டு தடவை சொன்னார். முள்வாங்கியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. அந்த வயதில் இருப்பவர் அதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார். நான் சொன்னது அது இல்லை என்று புரியவைக்கப் பார்த்தேன். போட்டி, விதி, அப்படி இப்படி என்று ஏதோ உளறினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போட்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் போய்ப் பார்த்தேன். ஆடுகள் நின்றன. வேறு யாரோ மேய்க்கிறார்கள்.

வைகைக்கரை:

ரஸ்தா அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நாங்கள் மதுரையிலிருந்து மூன்று பெண்கள் போனோம், ஸ்பிரின்ட் தூரத்துக்கு, அதாவது ஒலிம்பிக் தூரத்தில் பாதி. தங்கிய வீட்டில் முன்பக்கம் முழுக்க விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு இரண்டாங்கட்டில் ஓர் ஆச்சி மட்டும் இருந்தார்கள். சைக்கிளை முகப்பில் நிறுத்தியபோது ஆத்தங்குடிக் கல்லில் டயர்த் தடம் விழுந்துவிட்டது. நாங்கள் துடைக்கத் துணி தேடினோம், ஆச்சியே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவுதான் பழக்கம்.

காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். மூன்றரைக்கு எழுந்து வந்தால் அடுப்படியில் வெளிச்சம். ஆச்சி முக்காலியில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கரண்டி மாவு, அது உப்பி மேலே வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பது, அப்புறம் கம்பியால் திருப்பி எடுப்பது. ஒவ்வொன்றாக. நாங்கள் கேட்கவே இல்லை. போட்டி அன்று பழக்கமில்லாத எதையும், அதுவும் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடக் கூடாது என்று மாதக்கணக்காகப் படித்திருக்கிறோம். வாழைப்பழம் போதும் ஆச்சி என்றோம். "வெறும் வயித்தோடயா போறீக?" என்று கேட்டவர்கள், நாங்கள் காரில் ஏறும்போது எவர்சில்வர் தூக்கில் பணியாரத்தையும் மிளகாய்த் துவையலையும் வைத்து வாசலுக்கு வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று.

முடித்துவிட்டுச் சாப்பிட்டோம். அந்தப் பணியாரத்தைப் போல ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. ஆனால் தூக்கைத் திடலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போனால் பந்தலையே பிரித்துவிட்டார்கள். ஆச்சியிடம் சொன்னபோது "போனாப் போகுது, ஜெயிச்சீகளா?" என்று மட்டும் கேட்டார்கள். வீட்டு வேலைக்கு இருக்கிற அக்காதான் பின்னால் வந்து சொன்னார், அது ஆச்சிக்கு அவர்கள் அம்மா சீர் கொடுத்த பாத்திரம், மூடியில் எழுத்து வெட்டியிருக்கும் என்று. புதுத் தூக்கு வாங்கி அனுப்பினோம். அது வேறு பாத்திரம்.

நாற்பத்தெட்டு வயது:

என் அனுபவம் சின்னது. ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் என் நண்பர் நேராக ஓடாமல் ஓரத்து மண்ணுக்குப் போய்ப் போய் வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், என்னை யார் என்று கேட்டார். இருபது வருடப் பழக்கம். கையைப் பிடித்து உட்காரவைத்து ஆள் அனுப்பினேன், பிறகு தேறிவிட்டார். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

இப்போது மற்றவர்களுக்குச் சில விஷயம். மலைக்கோட்டைத் தம்பி, நீங்கள் உதைத்ததில் தப்பு இல்லை. மூழ்குகிறவர் கையில் மாட்டினால் இரண்டு பேரும் போவார்கள். விலகிக்கொண்டு, பிறகு திரும்பி, கையைத் தூக்கிப் படகைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அது ஒன்றைத்தான் விட்டுவிட்டீர்கள். புதியவர்களும் தெரிந்துகொள்ளுங்கள், மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு மூச்சு முட்டுவது தண்ணீருக்குள் மூச்சை விடாமல் பிடித்து வைப்பதால். உள்ளே முகம் இருக்கும்போதே விட்டுவிட்டால் வெளியே வந்ததும் இழுக்க மட்டும் நேரம் போதும். கலங்கல் தண்ணீரில் ஆறு, எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணைத் தூக்கி மிதவையைப் பாருங்கள். படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாற விதியே அனுமதிக்கிறது, அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல் நிறையப் பேர் பக்கத்தில் போகிறவன் காலைப் பிடிக்கிறார்கள்.

ரஸ்தா, விதிப்படி நீங்கள் செய்தது சரி. கூடப் போட்டியிடுகிறவர் பம்போ டியூபோ கொடுக்கலாம், வெளி ஆள் கூடாது. முள் காட்டுக்குள் போகிறவர்கள் இரண்டு டியூப், பேட்ச், டயருக்குள் வைக்கிற பட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். டயரை விரலால் தடவாமல் பழைய துணியால் துடைத்தால் முள் நூலில் மாட்டும்.

என் நண்பர் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தார். வியர்வையில் உப்புப் போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மேல் ஊற்றினால் ரத்தத்தில் இருக்கிற உப்பு நீர்த்துப்போகும். தலை சுற்றும், ஆள் அடையாளம் தெரியாது. உப்புப் போட்ட மோரும் சேர்த்துக்கொள்ளுங்கள், எதையும் அளவுக்கு மேல் குடிக்காதீர்கள். வைகைக்கரை, அடுத்த முறை முதல் நாளே வீட்டுக்காரர்களிடம் என்ன சாப்பிடுவோம் என்று சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணே, விதிப்படி சரி என்பது எனக்கும் தெரியும். அந்த விதியை நினைத்துத்தான் கத்தினேன். அந்தப் பாட்டியிடம் போய் விதிப்படி சரி என்று நான் சொல்ல முடியுமா? துணியால் துடைத்தால் முள் மாட்டும் என்பதை அன்றைக்கு அவர் கையில் இருந்த முள்வாங்கி செய்திருக்கும்.

வைகைக்கரை, தூக்கு மூடியில் என்ன எழுத்து என்று கேட்டுச் சொல்லுங்கள். பந்தல் போட்டவர்களை எனக்குத் தெரியும், சாமான் எல்லாம் ஒரே கொட்டகையில்தான் கிடக்கும். போய்ப் பார்க்கிறேன்.

மலைக்கோட்டை ஓட்டம்:

தலைப்பில் கண்மாய் என்று மாற்றிவிட்டேன் ரஸ்தா, தெரியாமல் எழுதிவிட்டேன். பதிவில் அப்படியே விட்டிருக்கிறேன், நீங்கள் சொன்னது எதற்கு என்று படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும்.

நாற்பத்தெட்டு அண்ணே, நீங்கள் சொன்ன அந்த "திரும்பி" என்ற ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

புதுவயல்:

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதே நீச்சலில் நான் ஒருவர் காலைப் பிடித்தேன்.

அது என் முதல் திறந்தவெளி நீச்சல். நீச்சல் குளத்தில் அடித்தரை நீலமாகத் தெரியும், கோடு இருக்கும். இங்கே கண்ணைத் திறந்தால் எல்லாப் பக்கமும் ஒரே பழுப்பு. எது மேல் என்றே ஒரு நொடி தெரியவில்லை. கையில் பட்டதைப் பிடித்தேன், அவ்வளவுதான். அது கால் என்பதே உதை வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வலித்தது, ஆனால் அந்த உதையில் முகம் தண்ணீருக்கு வெளியே வந்தது. மூச்சு வந்தது.

ஆனால் என் கையில் கயிறு கிடையாது, கடிகாரம் மட்டும்தான். அதுவும் முதல் சுற்றிலேயே முதல் மிதவைக்குப் பக்கத்தில். அதனால் நீங்கள் சொல்கிற ஆள் நான் இல்லை என்று நினைக்கிறேன். பிடிக்கிறவருக்கு அந்த நேரத்தில் யாரையும் இழுக்கும் எண்ணம் இருக்காது என்று மட்டும் என்னால் சொல்ல முடியும்.

படகில் இருந்தவன்:

இரண்டாவது மிதவைக்குப் பக்கத்துக் கயாக்கில் இருந்தது நான்தான். முதல் சுற்றில் ஒருவர் கையைத் தூக்கினார், போனேன். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கயாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறைய இருமினார். வெளியே கூட்டிப் போகட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். பேச வந்ததும் முதலில் கேட்டது, "முன்னால போனவருக்கு ஒண்ணும் ஆகலயே?" ஒன்றும் ஆகவில்லை, போய்விட்டார் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு நீந்திப் போனார்.

மணிக்கட்டைக் கவனிக்கவில்லை. புஜத்தில் எழுதியிருந்த எண் பாதி அழிந்திருந்தது. கடைசி எண் 7.

மலைக்கோட்டை ஓட்டம்:

முடிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 7-இல் முடிகிற எண்கள் பன்னிரண்டு இருக்கின்றன. அதில் மூன்று பேர் திருச்சி. ஒருவர் எங்கள் நீச்சல் குளத்துக்கே வருகிறவர், பார்த்துத் தலையசைக்கிற பழக்கம். நாளைக் காலை ஐந்தரைக்கு அவர் வருகிற நேரத்துக்குப் போகிறேன்.