புதுப்பிப்பு: மின் பிரஷ்ஷில் படிந்த கருப்புப் பிசுக்கு
மின் பிரஷ்ஷின் தலை கைப்பிடியோடு சேரும் இடத்தில் கருப்புப் பிசுக்கு படிகிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அது அறவே நின்றுவிட்டது.

காரணம் தேங்கும் ஈரம்தான். பற்பசையும் எச்சிலும் கலந்த நீர் அந்த இடுக்கில் இறங்கி, கிருமிகளும் பூஞ்சையும் வளர இடம் கொடுக்கிறது. பல் துலக்கியதும் தலையைக் கழற்றி அதன் உட்புறத்தையும் குழாய் நீரில் அலசுகிறேன். கைப்பிடியின் தண்டைத் துடைத்துவிட்டு, இரண்டையும் தனித்தனியே நிமிர்த்திக் காயவைக்கிறேன். மூடி போடுவதே இல்லை.

கொதிநீரில் போடச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் நைலான் இழைகள் வளைந்து வீணாகிவிடும், வேண்டாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அலசுவது, காற்றில் உலர்த்துவது, 3 அல்லது 4 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது என்றுதான் சொல்கிறது. இழைகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.