பத்திரிகை மேசையில் பெண்கள்: உதவி ஆசிரியர் முதல் ஆசிரியர் வரை, தெரிந்தவர்கள் பகிருங்கள்

புதுவரவு

பெண்களுக்கான மாதமிருமுறை இதழில் உதவி ஆசிரியராகச் சேரும் ஒருவருக்கு முதல் ஆறு மாதத்தில் என்னென்ன கைவர வேண்டும்? "ஆர்வம் இருந்தால் போதும்" என்கிற பதில் வேண்டாம். மேசையில் நடக்கிற வேலையையும், தப்பு எங்கே நேரும் என்பதையும் சொல்லுங்கள்.

ஃபாரம் 16

முதலில் ஃபாரம் கணக்கு, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுகளின் கணக்கு. சமையல், கோலம், வாசகர் கடிதம் மூன்றையும் பெண்களிடம் கொடுத்துவிட்டு இதை மட்டும் சொல்லிக்கொடுக்காத அலுவலகங்கள் நிறைய. பொறுப்பாசிரியர் நாற்காலிக்கு யார் போவது என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அதனால் கேட்டு வாங்கியாவது கற்றுக்கொள்ளுங்கள்.

80 பக்க இதழ் என்றால் 16 பக்க ஃபாரம் ஐந்து. ரேப்பர் என்கிற மேலட்டை 4 பக்கம் தனியாக, வேறு தாளில் அச்சாகும். புதிதாக வருகிறவர்கள் முதல் ஃபாரம் என்றால் 1 முதல் 16 வரை என்றே நினைத்துவிடுகிறார்கள். நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கும் இதழில் அப்படி இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுவதால், வெளி ஃபாரத்தில் 1–8ம் 73–80ம் இருக்கும். அடுத்தது 9–16, 65–72. அதற்கடுத்து 17–24, 57–64. பிறகு 25–32, 49–56. நடு ஃபாரம் மட்டும்தான் தொடர்ச்சியாக 33–48.

இது தெரியாவிட்டால் என்ன ஆகும்? தலையங்கம் 3ஆம் பக்கம், தொடர்கதை 75ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பக்கம்தானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தொடர்கதையைத் தள்ளிப்போட்டால் 3ஆம் பக்கமும் சேர்ந்து நிற்கும். ஒரு பக்கத்துக்காக ஒரு ஃபாரமே அச்சகத்தில் காத்துக் கிடக்கும். ஆகவே தாமதமாக வரக்கூடிய விஷயங்களை எல்லாம் ஒரே ஃபாரத்துக்குள் போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் முழுப்பக்க விளம்பரம் வந்தால் 81 பக்கம் போட முடியாது; ஏதோ ஒன்று வெளியே போகவேண்டும். எது போகலாம் என்பதை எந்தப் பக்கத்தில் எது என்று இஷ்யூ பிளான் போடும்போதே குறித்து வைப்பவர்தான் நல்ல ஆசிரியர்.

இன்னொன்று. செருகி மடிக்கும்போது நடு ஃபாரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; வெட்டும்போது அதில்தான் அதிகம் போகும். பக்க எண்ணை ஓரத்தோடு ஒட்டி வைத்தால் 40ஆம் பக்கத்தில் எண் பாதிதான் மிஞ்சும். எழுத்துகளை ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். ஓரம்வரை போகும் படத்துக்கு வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

மெய்ப்புக்கண்

சமையல் பக்கத்தை எளிது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதில் வரும் பிழை நேராக வாசகியின் அடுப்புக்குப் போகிறது. திருத்தும் முறை இது: தேவையான பொருட்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் செய்முறையில் தேடிப் பென்சிலால் அடித்துக்கொண்டே வரவேண்டும். பட்டியலில் இருந்த பெருங்காயம் செய்முறையில் காணாமல் போயிருக்கும். அல்லது செய்முறையில் திடீரென்று தேங்காய்ப்பால் ஊற்றச் சொல்லியிருக்கும். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. ஒரு சொல் மாறினால் உப்பு மூன்று மடங்கு. "டீ.ஸ்பூன்", "டே.ஸ்பூன்" என்று சுருக்கிப் போட்டால் ஒரு எழுத்தில் எல்லாம் மாறிவிடும், ஆகவே முழுதாக எழுதுங்கள். சமையல் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றாக நினைத்து எழுதுகிறவர்கள் உண்டு. கேட்காமல் அச்சுக்கு விடாதீர்கள்.

எழுத்துரு மாற்றம் தனித் தலைவலி. பழைய எழுத்துருவில் தட்டச்சான கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றினால் 'ஔவையார்', 'ஒ' தனியாக 'ள' தனியாக வந்து நிற்பார். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது. கொம்பும் எழுத்தும் பிரிந்து, கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழும். குறுகலான பத்தியில் இது கட்டாயம் நடக்கும், திரையில் பார்த்தால் தப்பிவிடும். பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரியின் வலது ஓரத்தை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கிற ஆசை எல்லா வடிவமைப்பாளருக்கும் உண்டு. சின்ன எழுத்தாக இருந்தால் மை பரவி முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. 'பால்' 'பால' ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கி, தடித்த எழுத்துருவாக மாற்றச் சொல்லிப் பிடிவாதமாக நில்லுங்கள்.

புதுவரவு

நன்றி அக்கா. வாசகியர் அனுப்பும் படங்கள்?

மெய்ப்புக்கண்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்க. 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 8 அங்குல அகலத்துக்கு 2,400 பிக்சல் வேணும்.

இம்பிரிண்ட் வரி

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. இம்பிரிண்டில், அதாவது அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் விவரம் போடும் வரியில், ஆசிரியர் என்று பெயர் ஏறுவது அலங்காரம் அல்ல, பொறுப்பு. ஏற்கும் முன், விளம்பரங்களை மறுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நீரிழிவைக் குணமாக்கும், உடல் பருமனைப் போக்கும், மார்பக அமைப்பை மாற்றும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டம் தடுக்கிறது. பெண்கள் இதழ்களைத் தேடி வருவதும் இதே விளம்பரங்கள்தான்.

அடுத்து அந்தரங்க ஆலோசனைப் பகுதி. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், வேலை, பிள்ளைகள் எத்தனை என்ற மூன்றும் சேர்ந்தாலே அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றையும் மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு: பள்ளி, குடும்ப விவரம், வசிக்கும் பகுதிகூட வரக்கூடாது. நிருபரின் பிரதியில் "அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி" என்று இருந்து, பக்கத்திலேயே பள்ளி வாசல் படமும் வந்தால் பெயர் போடாதது பயனே இல்லை.

பழைய தாள்

இவ்வளவையும் ஒரு பெண் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு வை.மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்வேன். 1925இல் ஜகன்மோகினி மாத இதழை ஏற்று நடத்தத் தொடங்கியவர். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத அவர் முதல் நாடகத்தைத் தான் சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்தார். நாவல்கள் நூற்றுக்கும் மேல். நாவலைத் தன் இதழிலேயே தொடராகக் கொடுத்ததால் அடுத்த இதழுக்கான வாசகர்கள் கையில் இருந்தார்கள். இன்றைக்கும் தொடர்கதைக்கு அதுதான் வேலை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: குறைந்தது நான்கு அத்தியாயம் கைக்கு வராமல் அறிவிப்புப் போடாதீர்கள்.

களப்பணி

செய்தி சேகரிக்கப் போகும் இடம், அலுவலகம் ஏற்பாடு செய்யும் வண்டி இரண்டும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஃப்ரீலான்ஸ் தோழிகளே, பணியாளர் பட்டியலில் பெயர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை.

புதுவரவு

ஃபாரம் கணக்கு இன்னும் மனதில் படியவில்லை சார்.

ஃபாரம் 16

காகிதத்தில் செய்து பாருங்கள் அம்மா. ஐந்து ஏ4 தாள். ஒவ்வொன்றையும் மூன்று முறை பாதியாக மடித்தால் 16 பக்கம். மடித்த மேல் ஓரங்களைக் கத்தியால் கீறிவிட்டு, ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, 1 முதல் 80 வரை பென்சிலால் எண் போடுங்கள். பிறகு பிரித்து ஒரு தாளை விரியுங்கள். 3க்குப் பக்கத்தில் 78 உட்கார்ந்திருக்கும்.