ஒரே தடத்தில் ஓடும் கை: மீண்டும் வாசிக்க வைத்தது எது?

ஐந்தாம் ஃபிரெட், மயிலாப்பூர்

பதினான்கு ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். நான் எங்கே சிக்கிக்கொண்டிருந்தேன் என்பதை இங்குள்ள கிடார்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஐந்தாம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளில் ஐந்தாவது), ஏ மைனர் பென்டடானிக் (ஏ-யில் தொடங்கும் ஐந்து சுர ஸ்கேல்), முதல் பெட்டி (கையை நகர்த்தாமல் அதை வாசிக்கும் விரல் அமைப்பு). எந்தப் பாட்டுக்கு லீட் (தனி இசை) வாசிக்கச் சொன்னாலும் கை தானாக அங்கே போய் உட்கார்ந்துவிடும். அடுத்து வாசிக்கப்போவது என்னவென்று எனக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுவதால், வாசித்துக்கொண்டிருக்கும்போதே அலுத்துவிடும். ஒன்பது மாதங்கள் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

சொல்ல வந்தது சில நிமிடங்களைப் பற்றி மட்டுமே. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் ஓர் இரவு, சுவாமியின் வாகனம் மாட வீதி முனையில் நின்றிருந்தது. நான் தரிசனத்துக்குப் போனவன் அல்லன். வண்டியை எடுக்க வழி கிடைக்காமல் கூட்டத்தில் நின்றவன். நாகசுரக்காரர் சுத்த தன்யாசியை எடுத்தார். ராகத்தின் பெயரை அருகில் நின்ற பெரியவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன் என்றாலும், சுரங்களை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைப்பையை அழுத்திக்கொண்டிருந்த இடக்கை விரல்கள் தாமாகவே அசையத் தொடங்கியிருந்தன. ஸ, க, ம, ப, நி. அது என்னுடைய பெட்டி. அலுத்துப்போய் நான் மூடி வைத்துவிட்டு வந்த அதே ஐந்து சுரங்கள்.

அவர் காந்தாரத்துக்கு (‘க’) வந்தார்; வந்தவர் அங்கே நிற்கவில்லை. மேலே மத்யமத்தை (‘ம’) தொட்டுத் தொட்டு இறங்கி, இறங்கிய இடத்திலும் அமராமல் மறுபடியும் ஏறி, அந்த ஒரு சுரத்தை ஊஞ்சலாக ஆட்டிக்கொண்டே இருந்தார். தவில்காரர் கையை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்குள் நான் என் பெட்டியை நான்கு முறை ஏறி இறங்கி முடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டைப் பிடித்தேன். கம்பியை வளைத்தால் சுரம் மேலேதான் போகும். மேலிருந்து இறங்கி வர வேண்டுமென்றால், மீட்டுவதற்கு முன்பே ஒரு முழுச் சுரம் (இரண்டு ஃபிரெட்) அளவுக்கு வளைத்து வைத்துக்கொண்டு, மீட்டிய பிறகு தளர்த்த வேண்டும். அப்போது தடித்த 11 அளவுக் கம்பிகள் போட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் விரல் நுனி எரிந்தது. மறுநாளே மெல்லிய 9 அளவுக்கு மாற்றினேன். அந்தக் காந்தாரம் இன்றுவரை வரவில்லை, ஆனால் நாள்தோறும் கிடாரை எடுக்கிறேன். உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

பலிபீடத்துக்கு இடப்பக்கம், தூத்துக்குடி

எனக்கு நேர்ந்தது ஆலயத்தில். கடற்காற்றில் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப் பழைய கம்பிகளோடு போன சோம்பேறி நான். பாடற்குழுவில் பதினோரு ஆண்டுகளாக வாசிக்கிறேன். ஜி, சி, டி, ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் பிடிகள்), ஒரே மாதிரியான ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை ஒருசேர வருடி அடிப்பது). எந்தப் பாடலும் எனக்கு ஒரே பாடலாகிவிட்டிருந்த காலம் அது.

‘உன்னதங்களிலே’ கீதம் தொடங்கி ஆலய மணிகள் எல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தபோது முதல் கம்பி அறுந்தது. அடுத்த பாடலில் இரண்டாவதும் போயிற்று. மாற்றுக் கம்பி கையில் இல்லை. மீதியிருந்த நான்கு கம்பிகளில் முழு கார்டைப் பிடித்து அடித்தால் பள்ளமாக ஒலித்தது. ஆகவே உள்ளங்கையின் ஓரத்தால் கம்பிகளை அடக்கிக்கொண்டு, அடித்தாளத்துக்கு ஒரு சுரம் மட்டும் வைக்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல் பகுதி) பாடும் பெண்களின் வரி என் காதில் விழுந்தது. பதினோரு ஆண்டுகளாக அவர்கள் எனக்கு மூன்றடி தூரத்தில் நின்று பாடியிருக்கிறார்கள், நான் என் ஸ்ட்ரம்மிங்கால் அவர்களை மூடிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஓப்பன் ஜி ட்யூனிங்கில் (வெறும் கம்பிகளே ஜி கார்டாக ஒலிக்கும் சுருதியமைப்பு) ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து கம்பிகளோடு வாசிப்பார் என்று முன்பே படித்திருக்கிறேன்; அப்போது அது வெறும் விசித்திரமாகத்தான் தோன்றியது. இப்போது வாரத்தில் ஒரு நாள் நானே முதல் இரண்டு கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசிக்கிறேன்.

முறையாகக் கற்றவன், கோயம்புத்தூர்

முதலில் எழுதிய மயிலாப்பூர் நண்பரின் அனுபவம் நன்று. ஆனால் ‘அதே ஐந்து சுரங்கள்’ என்று அவர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. சுரத்தானங்கள் ஒன்றாக இருப்பதாலேயே ஸ்கேலும் ராகமும் ஒன்றாகிவிடா. அவரே காந்தாரம் நிற்கவில்லை என்று எழுதுகிறார். நிற்காத சுரத்துக்கு எந்த ஃபிரெட் சொந்தம் என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பென்டடானிக் பெட்டியில் இருப்பவை ஐந்து புள்ளிகள். சுத்த தன்யாசியில் இருப்பவை அந்தப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள பாதைகள்.

என் அனுபவம் சிறியது. 2016-இல் ஒரு மணமண்டபத்தில் தம்புராப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டார்கள். அந்தச் சுருதியின் மேல் என் வழக்கமான பெட்டியை வாசித்துப் பார்த்தேன், வேறொன்றாக ஒலித்தது. அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். மயிலாப்பூர் நண்பருக்குப் பயன்படும். உங்கள் ஏ மைனர் பெட்டியில் உள்ளவை ஏ, சி, டி, ஈ, ஜி. கைபேசியில் தம்புராச் செயலியை ஏ சுருதியில் வைத்தால் நீங்கள் வாசிப்பது சுத்த தன்யாசியின் சுரங்கள். விரல்களை மாற்றாமல் சுருதியை மட்டும் சி-க்கு மாற்றினால் மோகனம், டி-க்கு மாற்றினால் மத்யமாவதி, ஈ-க்கு மாற்றினால் இந்தோளம், ஜி-க்கு மாற்றினால் சுத்த சாவேரி. நம் சங்கீதத்தில் இதைக் கிரக பேதம் என்பார்கள். ஆக, அலுப்பு உங்கள் பெட்டியில் இல்லை. எந்தச் சுரத்தை வீடாகக் கொள்கிறீர்கள் என்பதை நீங்கள் ஒருபோதும் மாற்றிப் பார்க்கவில்லை.

அடுத்து, கிடாரைத் தொடுவதற்கு முன் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாடியதைக் கைபேசியில் பதிந்து, அதை ஒரே கம்பியில் மட்டும் வாசியுங்கள். ஒரே கம்பி என்னும்போது பெட்டி தானாக உடைந்துவிடும், சறுக்கியே ஆக வேண்டியிருக்கும். கம்பியை வளைப்பதை மட்டும் நம்ப வேண்டாம்: ஏழாம் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாம் ஃபிரெட்டுக்கு ஒரே மீட்டலில் சறுக்குவதையும், வளைத்துத் தளர்த்துவதையும் மாற்றி மாற்றிச் செய்து, இரண்டும் எப்படி வேறுபட்டு ஒலிக்கின்றன என்று கேளுங்கள். வசதி இருந்தால் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிடாரை ஒருமுறையாவது வாசித்துப் பாருங்கள். 1970-களில் ஆங்கிலேய கிடார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் சக்தி இசைக்குழுவில் எல். ஷங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசித்தபோது அப்படிப்பட்ட கிடாரைத்தான் செய்வித்துக்கொண்டார். அதில் ஒலித்துளையின் குறுக்கே தனியே அனுதாபத் தந்திகளும் (மீட்டாமலே உடன் அதிர்பவை) உண்டு. அது இல்லாமலும் முடியும் என்பதற்குக் கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்த சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் சான்று. தினமும் நாற்பது நிமிடங்கள், ஆறு மாதங்கள். அதற்குக் குறைந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பன்னிரண்டு டிரஸ்ஸும் ஒரே கோட்டும், மதுரை

கோவை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் மனத்தில் தைத்ததைச் சொல்ல வந்தால், அவருக்கு ஆறு மாதப் பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பது என்ன வழக்கம்? தம்புராப் பெட்டியை அணைக்க மறந்த கதையை இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் நாங்கள் மகிழ்ந்திருப்போம். (கிரக பேதம் பற்றி அவர் எழுதியது சரிதான். நானும் செயலியில் வைத்துப் பார்த்தேன். ஈ சுருதியில் உடம்பு சிலிர்த்தது. அதற்காக அவருக்கு நன்றி.)

நான் இருபத்துமூன்று ஆண்டுகளாக லைட் மியூசிக் குழுவில் இருப்பவன். எங்கள் தேக்கம் வேறு வகையானது, அது தொழிலின் நிபந்தனை. கோயில் திருவிழா மேடையில் பாட்டின் தொடக்க இசை இசைத்தட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரு சுரம் தவறினாலும் முன்வரிசையில் கைலி கட்டி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும், அவர் சத்தமாகவும் சொல்லிவிடுவார். ஆகவே, கை இன்னொருவருடைய கையாகவே வாழ்ந்து பழகிவிடுகிறது. ஒருநாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்காக ஏதேனும் வாசிக்கலாம் என்று எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. ஏதோ ஒரு பாட்டின் இடையிசைதான் வந்தது. அன்று எனக்கு ஏற்பட்டதை அலுப்பு என்று சொல்ல மாட்டேன். அச்சம் என்றே சொல்வேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த கிடாரின் முறுக்காணிகளைத் திருகி விளையாடியிருக்கிறாள். அதட்டுவதற்காக எழுந்து வந்தேன். அவள் அதற்குள் எல்லாக் கம்பிகளையும் ஒரு சேர வருடிவிட்டாள். ஆறாம் கம்பியும் முதல் கம்பியும் ஏறத்தாழ ஒரு முழுச் சுரம் இறங்கியிருந்தன. அடியிலிருந்து வந்த அந்த முழக்கம், உடுக்கையும் தம்புராவும் சேர்ந்தாற்போல் இருந்தது. நான் சாப்பிட்ட கையோடு தரையில் உட்கார்ந்து, இடக்கையால் எனக்குத் தெரிந்த ஒரு கார்டைப் பிடித்தேன், தவறாக ஒலித்தது. இன்னொன்றைப் பிடித்தேன், அதுவும் தவறு. எனக்கு ஒரு கார்டு கூடத் தெரியாத நிலை மறுபடி வந்துவிட்டது. இருபது வயதுக்குப் பிறகு அப்படி இருந்ததே இல்லை. தட்டில் சோறு காய்ந்துபோயிற்று.

பிறகுதான் இரண்டாம் கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று ஒரு ட்யூனிங் கிடைக்கும் என்றும், இங்கிலாந்தின் கிடார் கலைஞர் டேவி கிரகாம் 1960-களின் தொடக்கத்தில் மொராக்கோ போய் ஊத் என்னும் அரபுத் தந்தி வாத்தியத்தைக் கேட்டுவிட்டு வந்து அதைக் கையாண்டார் என்றும் தெரிந்தது. வெறும் கம்பிகளை மீட்டினால் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. சிரிப்பா அழுகையா என்று சொல்லாமல் நிற்கும். மேடைக்கு இன்னமும் பழைய ட்யூனிங்தான். வீட்டுக் கிடாரை அந்த நாளிலிருந்து திருப்பி வைக்கவில்லை.

விற்றவன், ஈரோடு

எல்லோரும் மீண்ட கதையாகவே எழுதுகிறீர்கள். நான் மீளவில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய ட்யூனிங், புதிய பெடல், இணைய வகுப்பு, ஒரே கம்பிப் பயிற்சி (ஆம், கோவை ஐயா, அதுவும்) எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கிடாரை எட்டாயிரம் ரூபாய்க்கு விற்றேன். வாங்கியது பக்கத்துத் தெருப் பையன், பத்தாம் வகுப்பு. ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டைக் கடந்தபோது மாடியிலிருந்து என் கிடார் ஒலித்தது. மூன்றாம் கம்பியில் லேசாக அதிரும் அந்த ஒலியை வைத்து எங்கே கேட்டாலும் அதை அடையாளம் கண்டுகொள்வேன். ஈ மைனரிலிருந்து டி-க்கு மாறுகிறான். ஒவ்வொரு முறையும் மாறும் இடத்தில் தாளம் நின்றுவிடுகிறது, விரல்களை அடுக்கிக்கொண்டு மறுபடி தொடங்குகிறான். இருபது நிமிடங்கள் அந்த இரண்டு கார்டுகள் மட்டும். நான் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியா பொறாமையா என்று இன்னமும் பிரிக்கத் தெரியவில்லை. வேறு கிடார் இன்னும் வாங்கவில்லை. சென்ற வாரம் கடை வரைக்கும் போய்வந்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் ஃபிரெட், மயிலாப்பூர்

கோவை நண்பருக்கு: புள்ளிகள், பாதைகள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது, ஏனெனில் நான் சொல்ல முயன்றதும் அதுவேதான். இருந்தாலும் பாடச் சொன்னதைச் செய்தேன். பாடியதைப் பதிந்து மெதுவாக ஓடவிட்டுக் கேட்டபோது, ஒரே மூச்சில் என் குரல் ஆறு முறை ஏறி இறங்கியிருந்தது. அதே நீளத்தில் என் விரல் மூன்று முறைதான் ஆடியிருந்தது. நான் காந்தாரத்தின் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், குறை வேகத்தில் இருந்திருக்கிறது. இப்போது மூன்றாம் கம்பியில் அந்த ஒரே சுரத்தைத்தான் மாலை முழுவதும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாட்களாக நான்குக்கு வந்திருக்கிறது.

நேற்றுக் கீழ்வீட்டு மாமி படியேறி வந்து கதவைத் தட்டினார். “ஏம்ப்பா, அந்தக் கம்பி ஒண்ணு இறங்கிப்போயிருக்கே, கடையில கொடுத்துச் சரி பண்ணக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.