ரிசீவரின் திரையில் "டால்பி சரவுண்ட்" என்று வந்தால் அது உண்மையான 5.1 ஒலியா?

இசைவிரும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) வசதியுள்ள ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றை வாங்கி, இப்போதைக்கு 5.1 அளவுக்கு (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மட்டும் ஸ்பீக்கர்களை இணைத்திருக்கிறேன். டிவிடி பிளேயர் எச்டிஎம்ஐ வழியாக நேரே ரிசீவருக்கு வருகிறது. தொலைக்காட்சியின் ஒலி ஆப்டிகல் கேபிள் வழியாக வருகிறது. டிவிடி ஓடும்போது ரிசீவரின் முகப்பில் "டால்பி டிஜிட்டல்" என்று தெரிகிறது. தொலைக்காட்சியிலுள்ள ஓடிடி செயலியில் 5.1 என்று குறிப்பிட்ட படத்தைப் போட்டாலோ "டால்பி சரவுண்ட்" என்று வருகிறது. பின்புற ஸ்பீக்கர்களும் ஒலிக்கின்றன, ஆனால் டிவிடியில் கிடைக்கும் தெளிவு அதில் இல்லை. ஸ்டீரியோவில் மட்டுமே பதிவான பழைய திரைப்பாடல்களை ஒலிக்கவிட்டாலும் பின்பக்கத்திலிருந்து ஏதோ கேட்கிறது. இரண்டு தடங்களில் இல்லாத ஒலி பின்பக்கத்துக்கு எங்கிருந்து வருகிறது? இவற்றில் எது உண்மையான சரவுண்ட் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அலைவரிசை எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் ரிசீவர் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. டிவிடியில் உள்ள டால்பி டிஜிட்டல் தடத்தில் முன் இடம், நடு, முன் வலம், பின் இடம், பின் வலம் ஆகிய ஐந்து சேனல்களும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிக்கான தனிச் சேனலும் ஒலிக்கலவைப் பொறியாளர் பிரித்து வைத்தபடியே சுருக்கப்பட்டு இருக்கின்றன. அதை விரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் டிகோடிங். எந்த ஒலி எங்கே போகவேண்டும் என்பதில் ரிசீவர் ஊகம் எதுவும் செய்வதில்லை.

"டால்பி சரவுண்ட்" என்று இன்றைய ரிசீவர்களில் வருவது வேறு. 2014இல் அட்மாஸ் ரிசீவர்களோடு அறிமுகமான அப்மிக்சர் அது. உள்ளே வருவது இரண்டு சேனல்களே ஆனாலும் அதிலிருந்து மற்ற ஸ்பீக்கர்களுக்கான ஒலியைப் பிரித்தெடுக்கும். இதன் முன்னோடி 1987இல் வந்த புரோ லாஜிக். இடத்திலும் வலத்திலும் ஒரே அளவில், ஒரே கட்டத்தில் (ஃபேஸ், அதாவது அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) இருக்கும் ஒலி நடு ஸ்பீக்கருக்குப் போகும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அதாவது இடத்திலிருந்து வலத்தைக் கழித்தால் மிஞ்சுவது, பின்பக்கத்துக்குப் போகும். அன்றைய புரோ லாஜிக்கில் பின்பக்க ஒலி ஒற்றைச் சேனல்தான், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கிடையாது. 2000இல் வந்த புரோ லாஜிக் 2 பின்பக்கத்தை முழு வீச்சுள்ள இரு சேனல்களாக்கியது. இப்போதைய அப்மிக்சர் ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் திசையையும் தனித்தனியே கணிக்கிறது.

உங்கள் பழைய பாடல்களில் நடப்பதும் இதுதான். பாடகரின் குரல் பெரும்பாலும் இரு தடங்களிலும் சமமாகப் பதிவாகியிருக்கும்; ஆகவே அது நடுவே நிற்கிறது. குரலைச் சூழ்ந்த எதிரொலியும், இருபுறமும் பரவிய வயலின் கூட்டமும் இரு தடங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் அவற்றின் ஒரு பகுதி பின்னுக்குப் போகிறது. இனிமையாகவே இருக்கும், ஆனால் பதிவு செய்தவர் வைத்த இடம் அதுவல்ல. பாடல்களுக்கு நான் எப்போதும் "ஸ்டீரியோ" அல்லது "டைரக்ட்" முறையையே பரிந்துரைப்பேன். "ஆல் சேனல் ஸ்டீரியோ" என்ற முறை எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலியை அனுப்புவது. அதைச் சரவுண்ட் என்று கருதவே வேண்டாம்.

கம்பிவழி எழுதியது:

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், ஓடிடி படம் உங்கள் ரிசீவருக்கு இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல்) ஒலியாகத்தான் வந்து சேர்கிறது. ரிமோட்டில் "இன்ஃபோ" பொத்தானை அழுத்தி, உள்ளே வரும் சமிக்ஞையைப் பாருங்கள். "2/0" என்று இருந்தால் முன்பக்கம் இரண்டு சேனல், பின்பக்கம் எதுவுமில்லை என்று பொருள். "3/2/.1" என்று இருந்தால் முழு 5.1 வருகிறது. முகப்பில் பெரிய எழுத்தில் தெரியும் பெயரைவிட இந்தச் சிறிய எண்களைத்தான் நம்பவேண்டும்.

காரணம் பெரும்பாலும் தொலைக்காட்சியின் அமைப்பில் இருக்கும். ஒலி வெளியீடு "பிசிஎம்" என்று இருந்தால், ஆப்டிகல் கேபிளில் அது இரண்டு சேனலாகக் குறைந்துவிடும். "பிட்ஸ்ட்ரீம்", "பாஸ் த்ரூ", "ஆட்டோ" ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஆப்டிகல் கேபிள் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டலையும் அதைப் போன்ற மற்றொரு முறையான டிடிஎஸ்ஸையும் 5.1 வரை கொண்டுவரும். ஓடிடி தளங்கள் பெரிதும் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் செல்லாது. பல தொலைக்காட்சிகள் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தருகின்றன. எச்டிஎம்ஐ ஏஆர்சி (தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு) வழியாக இணைத்தால், தொலைக்காட்சி ஒத்துழைக்கும்பட்சத்தில் பிளஸ்ஸும் அதனுள் அமைந்த அட்மாஸும் அப்படியே வரும். ப்ளூ-ரேயில் உள்ள ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லா ஒலியைத் தொலைக்காட்சி வழியாகக் கொண்டுவர ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி வேண்டும். பிளேயரை நேரே ரிசீவரில் செருகினால் அதுவும் தேவைப்படாது.

இசைவிரும்பி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்ஃபோவில் "2/0" என்றுதான் இருந்தது. தொலைக்காட்சியில் "பாஸ் த்ரூ" என்று மாற்றியதும் அதே படம் "டால்பி டிஜிட்டல் 3/2/.1" என்று வருகிறது, மழைக் காட்சியில் மழை அறை முழுவதும் நிறைகிறது. ஆனால் இப்போது வசனம் முன்பைவிடச் சற்றுத் தாழ்ந்து கேட்கிறது, சண்டைக் காட்சியில் ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

அலைவரிசை எழுதியது:

மகிழ்ச்சி. வசனம் இப்போது ஏறக்குறைய முழுவதும் நடு ஸ்பீக்கரை நம்பியிருக்கிறது. முதலில் அந்த ஸ்பீக்கர் அலமாரியின் உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தால் விளிம்புவரை முன்னே இழுத்து, அமர்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சற்றே சாய்த்துவிடுங்கள்; இதைச் செய்யாமல் அளவுகளைத் திருகுவதில் பயனில்லை. பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து அளவீட்டை மறுபடியும் ஓட்டுங்கள். அதற்குப் பின்னும் குறைவாகத் தோன்றினால் நடுச் சேனலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தலாம்.

திரையரங்கில் கேட்பதற்கேற்ப அமைந்த கலவையில் மெல்லிய பேச்சுக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடைவெளி அதிகம். இரவில் பார்க்கும்போது ரிசீவரில் "டைனமிக் கம்ப்ரஷன்" அல்லது "நைட் மோட்" என்று உள்ளதை இயக்கினால், டால்பி டிஜிட்டல் தடத்தோடு வரும் குறிப்புகளைக் கொண்டே ரிசீவர் அந்த இடைவெளியைச் சுருக்கிவிடும். வீட்டில் மற்றவர்கள் உறங்கும் நேரத்துக்கு அது போதும். பகலில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், அந்த மழைக் காட்சிக்கு முழு வீச்சும் வேண்டும்.