தம்பி சியாபு (மெத்தம்பெட்டமின் போதைப்பொருள்) எடுக்கிறான், எங்கே போய்க் கேட்பது?

பிறை அக்கா:
வணக்கம். பிறையில் அடுக்குமாடி வீடு. அம்மா, நான், தம்பி. அவனுக்கு 24 வயது, பேக்டரியில் 12 மணி நேர நைட் ஷிப்ட். தூக்கம் வராமல் இருக்கட்டும் என்று கூட வேலை செய்கிறவன் சியாபு கொடுத்தானாம். இப்போது இரண்டு நாள் கண்ணே மூடுவதில்லை, அப்புறம் ஒரு நாள் முழுக்கப் பிணம் மாதிரி தூக்கம். போன வாரம் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து பார்த்தால், ஹாலில் பேப்பரை விரித்து மோட்டார் கார்பரேட்டரைக் கழற்றிப் போட்டு, ஒவ்வொரு ஸ்குருவாகத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. தீபாவளிச் சட்டை தோளிலிருந்து தொங்குகிறது. அம்மா, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கோயில் கோயிலாக ஏறுகிறார். மெத்தைக்கடியில் கருகிய கண்ணாடிக் குழாயை எடுத்தது நான்தான். மெத்தடோன் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. நிஜமா? ஏஏடிகே-க்கு (தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா?

செந்தூல் லோரிக்காரன்:
மெத்தடோன் நான் குடிக்கிற மருந்து, தங்கச்சி. இங்கே மலேசியாவில் அது 2005-இல் வந்தது. தினமும் காலையில் கவுண்டர் முன்னாலேயே குடித்துக் காட்ட வேண்டும். எனக்கு ஹெராயின். அது மூளையில் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்து, வாந்தி, உடம்பு முறுக்கல் வராமல் பிடித்துக்கொள்ளும். சியாபுவின் வேலையே வேறு, அதற்கு இப்படி மாற்று மருந்து கிடையாது. கவுன்சலிங், தூக்கம், அந்தக் கூட்டாளியை விடுவது, அவ்வளவுதான். கட்டிவைத்து மட்டும் அடிக்காதீர்கள். என் அப்பா செய்து பார்த்தார், கயிறுதான் அறுந்தது.

ஜார்ஜ்டவுன் நர்ஸ்:
தானாகப் போவது வேறு, மாட்டிக்கொள்வது வேறு. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான 1983 சட்டத்தின் 8-ஆம் பிரிவு, தானே வந்து சிகிச்சை கேட்கிறவர்களுக்காகவே இருக்கிறது. ரெய்டில் சிக்கி, சிறுநீர்ச் சோதனையில் தெரிந்து, எடுத்ததாக வழக்குப் போட்டால் 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு: 5,000 ரிங்கிட் வரை அபராதம், இல்லை 2 வருடம் வரை சிறை. அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். சுவரில் யாரோ பேசுகிறார்கள், சாப்பாட்டில் விஷம் என்று சொல்ல ஆரம்பித்தாலோ, நெஞ்சு வலித்து உடம்பு கொதித்தாலோ யோசிக்காமல் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள்.
இன்னொன்று: போதையில் இருக்கும்போது பேச்சு ஏறாது. அந்த நீண்ட தூக்கம் தூங்கி எழுந்து, பசித்துச் சாப்பிடுவான் பாருங்கள், அப்போது பேசுங்கள்.

பிறை அக்கா:
நேற்று மதியம் எழுந்தான். ரசமும் நெத்திலியும் வைத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டான். குழாயைப் பற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை நீயும் வருவியா?" என்றான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கார்பரேட்டர் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது.

செந்தூல் லோரிக்காரன்:
போகும்போது ஐசி (அடையாள அட்டை) மறக்காதீர்கள். கார்பரேட்டரை அவனே பூட்டட்டும்.