டிலன் தாமஸ் நினைவிடங்களும் வாசிப்பும்: போனவர்களும் படித்தவர்களும் பகிர்ந்தவை

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் வாழ்ந்த லார்ன் ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். கோட்டைக்குக் கீழே கரையோரம் இருக்கிற கார் நிறுத்துமிடத்தில் பெரிய ஓதம் வந்தால் தண்ணீர் ஏறிவிடும். ரயில் கார்மார்தன் வரைதான், அங்கிருந்து பேருந்து. கோட்டைப் பக்கமிருந்து கவிஞரின் பெயரிலேயே உள்ள நடைபாதையில் போனால் முதலில் வருவது அவர் எழுதிய கொட்டகை. முன்பு கார் நிறுத்துவதற்காகக் கட்டியது. கண்ணாடி வழியாகத்தான் உள்ளே பார்க்க முடியும்: மேசை, நாற்காலி, கீழே கசக்கிப் போட்ட தாள்கள். எதிர் ஜன்னலில் டாஃப் ஆற்றின் கழிமுகம் தெரியும். வெயில் ஏறினால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், அதனால் இரு கைகளாலும் மறைத்துக்கொண்டு பாருங்கள். 1949 முதல் 1953 வரை அவர் குடும்பத்தோடு இருந்த படகு வீடு அதற்கும் அப்பால், படியிறங்கிப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

மேலே எழுதியவர் கல்லறையை விட்டுவிட்டார். அது புனித மார்ட்டின் தேவாலயத்தின் விரிவாக்கப் பகுதியில் இருக்கிறது. பழைய கற்களுக்கு நடுவே தேடினால் கிடைக்காது. வெள்ளையடித்த மரச்சிலுவை, அவ்வளவுதான். பெரும்பாலோர் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள், 1994-இல் அதே குழியில் அடக்கமான மனைவி கெய்ட்லினின் பெயர் அங்கேதான் இருக்கிறது.

சிலுவையில் கவிதை வரி எதுவும் கிடையாது. அது வேண்டுமானால் ஸ்வான்சியில் அவர் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து குவம்டாங்கின் பூங்காவில் உள்ள நினைவுக்கல்லைப் பாருங்கள். அல்லது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், 1982 மார்ச் 1, புனித டேவிட் நாளன்று திறந்த தரைக்கல்லைப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது ‘ஃபெர்ன் ஹில்’ கவிதையின் கடைசி வரிகள்.

*

அந்த ‘ஃபெர்ன் ஹில்’ கவிதையை நினைவுக் கூட்டங்களில் கெடுப்பது வேகம்தான். கேட்க மனம்போன போக்கில் எழுதியது போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு பத்தியும் ஒன்பது வரி, அசை எண்ணிக் கட்டியது: முதல் ஐந்து வரிகளுக்கு 14, 14, 9, 6, 9. கடைசிப் பத்தியின் முதல் ஐந்து வரியை எண்ணிப் பாருங்கள், அதே கணக்கு வரும். நீள வரியில் மூச்சு வாங்கினால் அடுத்து வரும் ஆறசை வரி தனியாக விழுந்து போகும். மூச்சை வரி முடிவில் வாங்குங்கள், காற்புள்ளியில் அல்ல. மெய்யெழுத்து ஒலிகள் திரும்பத் திரும்ப வருவதை நாம் மோனை கேட்கிற காதோடு கேட்டால் எளிதில் பிடிபடும். வெல்ஷ் மரபுக் கவிதைக்கும் இந்த ஒலிக்கட்டு முக்கியம். தாமஸ் எழுதியது ஆங்கிலத்தில் மட்டுமே.

*

தந்தைக்காக எழுதிய ‘அமைதியாகப் போய்விடாதே’ கவிதைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 19 வரி, இரண்டே இயைபு. முதல் வரி 6, 12, 18-இலும், மூன்றாம் வரி 9, 15, 19-இலும் திரும்பும். எல்லா இடத்திலும் ஒரே உரத்த குரலில் முழங்குவதுதான் வழக்கமான தவறு. முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் மட்டுமே அது கட்டளை. நடு நான்கு பத்திகளில் அறிஞர், நல்லோர், கட்டற்றோர், கடுமையானோர் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் செய்தி. அங்கே குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே போய், கடைசிப் பத்தியில் தந்தையை நேரே விளிக்கும்போது மட்டும் கட்டளைக் குரலுக்குத் திரும்புங்கள். அந்த இடம் பிறகு கத்தாமலே கேட்கும்.

*

தாமஸ் எழுதிய ‘அண்டர் மில்க் வுட்’ என்ற பல குரல் நாடகத்தைக் குழுவாக வாசிக்கத் தயாராகிறவர்களுக்கு: 1953 மே 14 அன்று நியூயார்க்கில் கவிஞரையும் சேர்த்து ஆறே பேர்தான் மேடையில் படித்தார்கள். அதனால்தான் மே 14-ஐ டிலன் தாமஸ் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பாத்திரங்கள் அறுபதுக்கு மேல். ஆனாலும் ஆள் குறைவு என்று தயங்க வேண்டாம். சுமை முழுக்க கதை சொல்லும் ‘முதல் குரல்’ மீது விழும். முக்கால் மணி நேரத்தில் தொண்டை கட்டும். பாதியில் ஆள் மாற்றுங்கள். கண் தெரியாத ‘கேப்டன் கேட்’ என்ற பாத்திரத்திடம், மூழ்கிச் செத்த மாலுமிகள் கனவில் பேசும் இடத்தில் ஐந்து குரல்களும் ஒட்டி நிற்க வேண்டும். ஒன்றிரண்டு சொல் வசனங்கள், ஒரு கணம் பிந்தினாலும் கனவு கலைந்துவிடும். தாள்களை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, தைக்காமல் வையுங்கள். திருப்பும் சத்தம் மைக்கில் விழாது.

நாடகம் நடக்கும் ஊரின் பெயர் Llareggub. அதைப் பின்னிருந்து படித்தால் ஆங்கில வசைச்சொல் வரும். 1954-இல் அச்சிட்டபோது அதற்காகவே Llaregyb என்று மாற்றினார்கள். தொடக்கத்து Ll-ஐ உச்சரிக்கும்போது நாக்கு நுனியை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்து, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் விடுங்கள்.