412 கேசட்டுகளை இணையதளத்தில் கேட்கவைக்க வருடம் 48,000 ரூபாயா?

நாடாக்காரன்
எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தில் 1980களிலிருந்து பதிவான 412 கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி முடித்துவிட்டேன். எல்லாம் 60 நிமிட கேசட். பேச்சு மட்டும்தான், பாட்டு கிடையாது. மன்றத்தின் தளத்தில் பட்டனைத் தட்டினால் ஓட வேண்டும். தை மாதம் மூன்று நாள் விழாவை நேரலையாகக் கொடுக்கவும் ஆசை. ஒரு நிறுவனத்தில் விசாரித்தால் "ஸ்ட்ரீமிங் சர்வர், 100 பேர், வருடம் 48,000" என்கிறார்கள். மன்றத்தின் ஆண்டு வசூலே அவ்வளவுதான் தேறும். இது நியாயமான விலையா?

சர்வர்சாமி
பகல் கொள்ளை. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் மாதம் 6 டாலருக்கு ஒரு விபிஎஸ், அதாவது வாடகை சர்வர், எடுங்கள். 1 ஜிபி மெமரி, மாதம் 1,000 ஜிபி டேட்டா அதிலேயே அடக்கம். ஒலியைப் பலருக்கும் நேரடியாக அனுப்பும் ஐஸ்காஸ்ட் மென்பொருள் இலவசம். லிக்விட்சோப் என்ற இன்னொரு மென்பொருளில் 412 கேசட்டையும் வரிசைப்படுத்தி ஓடவிட்டால் 24 மணி நேர வானொலி தயார். இடையிடையே பழைய சினிமாப் பாட்டு இரண்டு போட்டால் ஜனம் நகராது.

கணக்குப்பிள்ளை
அண்ணே, அவர் வானொலியா கேட்டார்? ஐஸ்காஸ்டில் உள்ளே நுழைகிறவருக்கு அந்த நிமிடம் எது ஓடுகிறதோ அதுதான் காதில் விழும். 1987 பட்டிமன்றத்தைத் தேடி வருகிறவர், கம்பராமாயணச் சொற்பொழிவின் நடுவில் போய் உட்காருவார். பின்னால் தள்ளிக் கேட்கவும் முடியாது.

பதிவு செய்த பேச்சுக்கு ஸ்ட்ரீமிங் சர்வரே வேண்டாம். சாதாரண எம்பி3 கோப்பு, வலைப்பக்கத்தில் அதை ஓட்டும் பிளேயருக்கு ஒரு ஆடியோ டேக் (ஒரு வரி நிரல்), அவ்வளவுதான். கோப்பில் எந்தத் துண்டு வேண்டும் என்று பிரவுசரே கேட்டு வாங்கிக்கொள்ளும். சர்வர் அந்தத் துண்டை மட்டும் அனுப்பத் தெரிந்ததாக இருந்தால் போதும். இன்று பெரும்பாலும் எல்லா சர்வருக்கும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். கேசட் பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட், மோனோ தாராளம். மணிக்கு 28.8 எம்பி. 412 மணி நேரமும் சேர்ந்து 12 ஜிபிகூட வராது, ஒரு பென்டிரைவில் அடங்கும். தினம் 50 பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்டாலும் மாதம் 43 ஜிபி. 48,000 ரூபாய் எங்கே போகிறது?

தேர்முட்டி
யூடியூபில் போட்டால் ஐந்து பைசா செலவில்லை. எதற்கு இத்தனை பஞ்சாயத்து?

நாடாக்காரன்
போட்டுப் பார்த்தேன் தம்பி. கேட்கிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். போனை மூடி சட்டைப்பையில் வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பணம் கட்டினால்தான் திரை அணைந்தும் ஓடுமாம். திருக்குறள் உரைக்கு நடுவில் விளம்பரம் வேறு. வெறும் பேச்சைக் கேட்க அவர்கள் படத்துக்கும் டேட்டா கொடுக்க வேண்டியிருக்கிறது.

தேர்முட்டி
அப்படியென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ். அதுவும் இலவசம், அவர்கள் பிளேயரையே உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

சர்வர்சாமி
2024 அக்டோபரில் தாக்குதல் நடந்து அந்தத் தளம் நாள்கணக்கில் முடங்கியதை மறந்துவிட்டீர்களா? நானும் ஒரு இலவசத் தளத்தை நம்பி 90 பதிவுகளைப் போட்டவன்தான். ஒருநாள் இலவச அளவைக் குறைத்தார்கள். பழைய பதிவுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அன்றிலிருந்து என் பொருள் என் சர்வரில்தான்.

கணக்குப்பிள்ளை
உங்கள் வலி புரிகிறது. ஆனால் சர்வர் வாங்கினால் முடிந்ததா? பாதுகாப்பு அப்டேட் போடுவது யார்? நீங்கள் இருக்கும்வரை சரி, நாளைக்கு துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டால் மன்றத்துச் செயலாளரா லினக்ஸ் பார்ப்பார்?

கோப்புகளைக் கிளவுட்பிளேர் நிறுவனத்தின் ஆர்2 என்ற இணையக் கிடங்கில் வைக்கலாம். முதல் 10 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு மாதம் ஒன்றரை சென்ட். வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. இவருக்கு மாதம் மூன்று சென்ட் வரும். அமேசானின் அதேபோன்ற கிடங்கான எஸ்3 என்றால் வெளியே போகும் டேட்டா மாதம் 100 ஜிபி வரை சும்மா, அப்புறம் ஜிபிக்கு 9 சென்டிலிருந்து தொடங்கும். அதனால் வைக்கிற இடத்தின் விலையைவிட வெளியே போகிற டேட்டாவின் விலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சர்வர்சாமி
இன்றைக்கு இலவசம். நாளைக்கு அவர்களே விலையை மாற்றினால்?

கணக்குப்பிள்ளை
12 ஜிபியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போக ஒரு மத்தியானம் போதும். இதே கோப்புகள் ஒரு ஹார்ட்டிஸ்கில் வீட்டிலும் இருக்கட்டும்.

சர்வர்சாமி
சரி, கோப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். நேரலைக்கு என்ன செய்வீர்கள்? ஆர்2 அதற்கு உதவாது. ஐஸ்காஸ்ட்தான் வழி. மண்டபத்திலிருந்து 64 கிலோபிட் ஒரே ஒரு ஓடைதான் சர்வருக்குப் போகும், போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும். அதை 100 பேருக்குப் பிரித்துக்கொடுப்பது சர்வர் வேலை. ஒரே நேரத்தில் 6.4 மெகாபிட். மூன்று நாளும் எட்டு மணி நேரம், 100 பேரும் எழுந்திருக்காமல் கேட்டாலும் 69 ஜிபி. அந்த 1,000 ஜிபியில் ஒரு மூலை.

கணக்குப்பிள்ளை
இதில் நான் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு திருத்தம். ஐஸ்காஸ்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் 8000 என்ற போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) அப்படியே விட்டால் பல அலுவலக நெட்வொர்க்கில் திறக்காது. தளம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு), ஓடை அப்படி இல்லை என்றால் பிரவுசரும் மறுக்கும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்து, எச்டிடிபிஎஸ் வழக்கமாகப் போகும் 443 போர்ட் வழியாகக் கொடுங்கள். பஸ்ஸில் போகிறவருக்கு இணைப்பு அறுந்து அறுந்து வரும், எச்எல்எஸ் என்ற இன்னொரு நேரலை முறை என்றால் ஒலி துண்டு துண்டாகப் போவதால் சமாளிக்கும், ஆனால் அரை நிமிடம்போலத் தாமதம். கைதட்டல் தாமதமாக வந்தால் யார் கேட்கப்போகிறார்கள். விபிஎஸ் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், விழா முடிந்ததும் அழித்துவிடுங்கள். 6 டாலரோடு போகும்.

வேப்பமரம்
எல்லோரும் டேட்டா கணக்கே போடுகிறீர்கள். சினிமாப் பாட்டு யோசனையை முதலில் விடுங்கள். தனித்தனியே அனுமதி வாங்காமல் கட்டணம் கட்டிப் பாட்டு போட வானொலிக்கு உள்ள சட்டப்பூர்வ உரிமம், பதிப்புரிமைச் சட்டம் 31டி பிரிவு, இணைய ஒலிபரப்புக்குச் செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லி, 2022-இல் அதே நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வும் உறுதிசெய்துவிட்டது.

இன்னொன்று. பொதுமேடையில் பேசிய பேச்சுக்கு முதல் உரிமையாளர் பேசியவர்தான், பதிவு செய்த மன்றம் அல்ல. அவர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். 412 கேசட்டில் எத்தனை பேச்சாளர்கள்? எத்தனை பேரிடம் எழுதி வாங்கியிருக்கிறீர்கள்?

நாடாக்காரன்
ஐயா, ஒருவரிடமும் இல்லை. இது யோசிக்காத விஷயம்.

நாடாக்காரன் (மூன்று வாரம் கழித்து)
எட்டுக் குடும்பங்களில் கையெழுத்து வாங்கிவிட்டேன். போன இடமெல்லாம் காப்பி கொடுத்து உட்காரவைத்து, அப்பா குரலைப் போனில் போடச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுடைய 31 கேசட்டுகள் மட்டும் இப்போது ஆர்2-வில் ஏறியிருக்கின்றன. ஒரு தொல்லை: பக்கத்தைத் திறந்தாலே எல்லா பிளேயரும் தானாகக் கோப்பை இழுக்க ஆரம்பித்து போன் திணறியது. ஆடியோ டேகில் ப்ரீலோடை (முன்கூட்டியே இழுப்பதை) "நன்" (none, வேண்டாம்) என்று மாற்றியதும் அடங்கியது.

அந்த நிறுவனத்தையும் கூப்பிட்டு 64 கிலோபிட்டுக்கு என்ன கணக்கு என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் 24,000 ஆக்கிவிட்டார்கள்.

சர்வர்சாமி
பாதி விலையும் கொள்ளைதான். தை விழாவுக்கு நான் வந்து ஐஸ்காஸ்ட் போட்டுத் தருகிறேன். சாப்பாடு உங்கள் செலவு.